பெற்றுக்கொண்டவரின் முகம்

"அவராவது செய்தார், நீ என்ன செய்தாய்?" சமூக ஊடகங்களில் பரவும் ஏதாவது ஓர் உதவிக் காணொளியைப் பற்றி யாரேனும் ஒரு சொல் குறையாகச் சொல்லிவிட்டால், சில நிமிடங்களுக்குள் இந்தக் கேள்வி வந்து நின்றுவிடுகிறது. கேட்டதும் பெரும்பாலோர் வாயடைத்துப் போகிறோம், ஏனென்றால் நாம் எதுவும் செய்திருக்க மாட்டோம். சாலையோரத்தில் படுத்திருக்கும் முதியவரின் கையில் பிரியாணிப் பொட்டலத்தைக் கொடுத்து, அவர் கும்பிடும் வரை கேமராவை நிறுத்தாமல் வைத்திருக்கும் உள்ளூர் இளைஞர் தொடங்கி, ஒரே காணொளியில் ஆயிரம் பேருக்குக் கண் அறுவை செய்வித்த அமெரிக்கர் வரை அனைவரையும் இந்த ஒரு கேள்வியே காப்பாற்றிவிடுகிறது. எனக்கும் இதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்காக அந்தப் படங்களைப் பார்க்கும்போது உள்ளே ஏற்படும் உறுத்தல் போய்விடவும் இல்லை. இந்த இரண்டும் எப்படி ஒருசேர இருக்கின்றன என்று நெடுநாளாக யோசித்து வந்ததன் விளைவே இந்தப் பதிவு.

மிஸ்டர் பீஸ்ட் என்ற பெயரில் இயங்கும் அமெரிக்க யூடியூபர் ஜிம்மி டொனால்ட்சன் 2023 ஜனவரி இறுதியில் வெளியிட்ட கண் அறுவைக் காணொளியை இதைப் படிப்பவர்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பார்வையற்ற ஆயிரம் பேர் முதன்முறையாகப் பார்க்கிறார்கள் என்பது அதன் தலைப்பு. புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரில் ஒரு கண் மருத்துவரின் துணையோடு தொடங்கும் படம், பத்து நிமிடத்துக்குள் ஜமைக்கா, ஹோண்டுராஸ், நமீபியா, வியட்நாம், கென்யா என்று உலகத்தைச் சுற்றி வந்துவிடுகிறது. கண்கட்டுப் பிரிக்கப்படுகிறது, ஒருவர் அழுகிறார், இன்னொருவர் வாய்விட்டுச் சிரிக்கிறார். சிலருக்குப் பார்வையோடு ரொக்கமும், ஒருவருக்குக் காரும் கிடைக்கின்றன. சில மாதங்களில் பார்வைகள் பத்துக் கோடியைத் தாண்டின. அதே வேகத்தில் சண்டையும் மூண்டது. ஏழைகளின் கண்ணீரை விற்றுக் காசாக்குகிறார் என்றார்கள் சிலர். பத்து நிமிட அறுவைக்கு ஒரு மனிதர் யூடியூபரின் கருணைக்காகக் காத்திருக்க வேண்டிய நாடு என்ன நாடு என்று மருத்துவக் காப்பீட்டு அமைப்பின் மீது கோபப்பட்டார்கள் வேறு சிலர். பார்வையின்மையைத் துடைத்தெறிய வேண்டிய கேடு போலக் காட்டுகிறார் என்று மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காகப் பேசுவோர் சொன்னார்கள். பணக்காரர்கள் உதவ வேண்டும் என்கிறீர்கள், உதவினால் என்னையே திட்டுகிறீர்கள், எப்படியானாலும் சாவதற்குள் கடைசிக் காசு வரை கொடுத்துவிடுவேன் என்ற பொருளில் அவர் ட்விட்டரில் பதில் எழுதினார். இலட்சக்கணக்கானோர் அதை ஆமோதித்தார்கள்.

மதுரைக்காரன் ஒருவனுக்கு அந்தக் காணொளி முதலில் வியப்பைத் தரவில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். படத்தில் காட்டப்பட்டவர்களுக்கு இருந்தது கண்புரை. எங்கள் ஊர்ப்பக்கம் "கண்ணுல புரை விழுந்திருக்கு" என்று வயதானவர்கள் வெகு இயல்பாகச் சொல்லும் சங்கதி அது. கலங்கிப்போன இயற்கை லென்சை எடுத்துவிட்டு அதே இடத்தில் செயற்கை லென்சைப் பொருத்துவதுதான் சிகிச்சை. அரசுப் பணியிலிருந்து ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இன்று ஆண்டுக்குச் சில இலட்சம் அறுவைகளைச் செய்கிறது. அவற்றில் பெரும்பகுதி இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ செய்யப்படுகிறது. கணக்குப் போட்டால், காணொளியில் வந்த ஆயிரம் அறுவைகள் அங்கே ஓரிரு நாள் வேலைதான். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகெங்கும் சுமார் 9.4 கோடிப் பேருக்குக் கண்புரையால் பார்வைக் குறை இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் தரப்பின் கண்டனம் பொதுவில் நியாயமானது என்றாலும் இந்த இடத்தில் அது சரியாகப் பொருந்தவில்லை என்றே நான் நினைக்கிறேன். கண்புரை விழுந்த பாட்டியிடம் போய், உங்கள் பார்வையின்மை ஒரு குறையல்ல, உங்களின் அடையாளம் என்று சொன்னால் அவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். புரையை எடுத்துவிட வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு குழப்பமும் இல்லை. எடுப்பதற்குப் பதிலாக அவரிடம் என்ன வாங்கிக்கொள்ளப்படுகிறது என்பதுதான் என் கேள்வி.

கொடுத்தவரின் பெயர்

பொதுவாக இத்தகைய விவாதங்கள் கொடுப்பவரின் மனத்தைச் சுற்றியே நடக்கின்றன. உண்மையிலேயே இரக்கப்பட்டாரா, புகழுக்காகச் செய்தாரா, விளம்பர வருமானத்துக்காகச் செய்தாரா என்று கேட்கிறோம். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்று ஒருவராவது எழுதிவிடுகிறார். எனக்கு இந்த விசாரணையில் பெரிய ஆர்வம் இல்லை. கொடுத்ததை ஊரறியச் சொல்லிக்கொள்வது நமக்குப் புதிதா என்ன? கோயில் தூணில், படிக்கட்டில், மின்விசிறியின் இறக்கையில் என்று எங்கு பார்த்தாலும் "உபயம்" இருக்கிறது. டியூப் லைட்டில் உபயதாரரின் பெயரையும் குடும்பத்தார் பெயர்களையும் பெரிதாக எழுதி, வெளிச்சமே வெளியே வர முடியாமல் செய்துவிடுவதைக் கேலி செய்யாத தமிழர் உண்டா? கேலி செய்கிறோமே தவிர, அந்த விளக்கின் கீழே நின்றுதான் சாமி கும்பிடுகிறோம். அந்தத் தற்பெருமையால் யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை, வெளிச்சம் கொஞ்சம் குறைவதைத் தவிர.

2014ஆம் ஆண்டுக் கோடையில் உலகம் முழுவதும் ஆண்களும் பெண்களும் தங்கள் தலையில் பனிக்கட்டித் தண்ணீரைக் கொட்டிக்கொண்டதை நினைத்துப் பார்க்கிறேன். நரம்பணுக்களைச் சிதைத்து உடலைப் படிப்படியாக முடக்கும் ஏ.எல்.எஸ். நோய்க்காக நடந்த ஐஸ் பக்கெட் சவால் அது. ஃபேஸ்புக்கில் மட்டும் ஒரு கோடியே எழுபது இலட்சம் பேர் காணொளி போட்டார்கள். அமெரிக்காவின் ஏ.எல்.எஸ். சங்கத்துக்குச் சில வாரங்களில் பதினொன்றரைக் கோடி டாலர் வந்து குவிந்தது. அப்போதும் இதே போன்ற சண்டைதான் நடந்தது. கலிபோர்னியா வறட்சியில் தவிக்கும்போது தண்ணீரை வீணாக்குகிறார்கள் என்றும், நோயின் பெயரே தெரியாமல் கூத்தடிக்கிறார்கள் என்றும், வேறு நோய்களுக்குப் போக வேண்டிய பணத்தை இது தின்றுவிடும் என்றும் சொன்னார்கள். ஹைதராபாத்தில் ஒரு பெண், தண்ணீருக்குப் பதில் ஒரு வாளி அரிசியைப் பசித்தவருக்குக் கொடுங்கள் என்று அரிசி வாளிச் சவாலைத் தொடங்கினார். நம் ஊருக்கு ஏற்ற, அறிவான எதிர்வினை அது. பின்னால் அந்தப் பணத்தின் ஒரு பகுதி உதவிய ஆய்வில், நோயோடு தொடர்புடைய என்.இ.கே.1 என்ற மரபணு 2016இல் அடையாளம் காணப்பட்டது. அதே நிதியில் கொஞ்சம் பெற்று வளர்ந்த ஒரு மருந்துக்கு 2022இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. பெரிய அளவிலான சோதனையில் அது பயன் தரவில்லை என்று தெரியவந்ததால் 2024இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அந்தச் செய்தி வந்தபோது பத்தாண்டுகளுக்கு முன்னால் சண்டையிட்ட இரண்டு தரப்பில் ஒருவரையும் காணவில்லை.

எனக்கு அந்தச் சவாலில் உறுத்தல் எதுவும் ஏற்படவில்லை என்பதைப் பின்னால்தான் கவனித்தேன். அத்தனை கேலிக்கூத்தும் சுயவிளம்பரமும் இருந்தும் ஏன் உறுத்தவில்லை? நனைந்தவர்கள் கொடுத்தவர்கள். முட்டாள்தனமாகக் காட்சி தந்தவர்களும் அவர்களே. நோயாளிகள் படத்தில் வந்தபோது, சவாலைப் பரப்பியவர்களாகவே வந்தார்கள். அதைப் பெரிதாக்கியவர்களில் பீட் ஃப்ரேட்ஸ், பேட் க்வின் இருவருமே அந்த நோயால் பாதிக்கப்பட்ட இளைஞர்கள், சில ஆண்டுகளில் அந்த நோயாலேயே இறந்தவர்கள். தங்கள் நோயை எப்படிக் காட்ட வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் அவர்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னைக்கு வந்த நிவாரணப் பொருட்களின் மேல் அன்றைய முதல்வரின் படம் ஒட்டப்பட்டதற்கு எழுந்த கொதிப்பு நினைவிருக்கும். தண்ணீரில் நிற்பவனுக்குக் கொடுக்கும் பொட்டலத்திலும் ஸ்டிக்கரா என்று நாடே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனாலும் அங்கே ஒட்டப்பட்டது கொடுத்ததாகச் சொல்லிக்கொண்டவரின் முகம். வாங்கியவர் வீட்டுக்குப் போய் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டுச் சோறாக்கலாம். இப்போது நாம் பார்க்கும் காணொளிகளிலோ பெற்றுக்கொண்டவரின் முகம் ஒட்டப்படுகிறது, அதைக் கிழிக்கும் வசதி அவருக்கு இல்லை.

மெல்பர்னில் ஒரு பூச்செண்டு

இதை எனக்குத் தெளிவாக்கியவர் நான் ஒருபோதும் சந்திக்க வாய்ப்பில்லாத ஓர் ஆஸ்திரேலியப் பெண்மணி. 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மெல்பர்ன் நகரின் வணிக வளாகம் ஒன்றில் அவர் தனியாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். ஓர் இளைஞர் வந்து, மேல்சட்டையைப் போட்டுக்கொள்ளும் வரை இந்தப் பூச்செண்டைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அவர் வாங்கிக்கொண்டார். இளைஞர் சட்டையை மாட்டிக்கொண்டு, இந்த நாள் உங்களுக்கு இனிதாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் பூவை அவரிடமே விட்டுவிட்டு நடந்துபோனார். தூரத்திலிருந்து ஒரு கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது. டிக்டாக்கில் வெளியான அந்தச் சில நொடிகளை ஒரு வாரத்துக்குள் ஐந்து கோடி முறைக்கு மேல் பார்த்தார்கள். தனிமையில் வாடும் மூதாட்டிக்கு ஒரு கணம் மகிழ்ச்சி கிடைத்தது, கண் கலங்கிவிட்டது, நாங்களும் அழுதோம் என்று உலகமே எழுதியது.

பிறகு அந்தப் பெண்மணி ஆஸ்திரேலிய அரசு வானொலியில் பேசினார். நான் தனிமையில் வாடவில்லை, நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருந்தேன், அதைக் கெடுத்து, என்னைக் கேட்காமல் படம் எடுத்து, நடக்காத ஒன்றாக அதை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்பது அவர் சொன்னதன் சாரம். படம் எடுக்கிறீர்களா என்று கேட்டபோது இல்லை என்று பதில் வந்ததாகவும் சொன்னார். பூவைத் தூக்கிக்கொண்டு டிராமில் வீட்டுக்குப் போக அவருக்கு விருப்பமே இல்லை, திருப்பித் தரவும் முயன்றிருக்கிறார். தன்னை மனிதராகவே மதிக்காதது போல் இருந்தது என்றார். வயதான பெண் என்றால் யாராவது முன்பின் தெரியாதவர் பூக்கொடுத்தால் பூரித்துப்போவாள் என்று எப்படி நினைக்கிறார்கள் என்ற கேள்வியும் அவர் பேச்சில் இருந்தது.

இந்தப் பேட்டியைப் படித்த அன்று நான் மற்ற உதவிக் காணொளிகளை எல்லாம் மனதில் மறுபடி ஓடவிட்டேன். ஐந்து கோடிப் பேர் ஒரு முகத்தைப் பார்த்து அதில் தனிமையைப் படித்தார்கள், கண்ணீரைப் படித்தார்கள், நன்றியைப் படித்தார்கள். அந்த முகத்துக்கு உரியவர் வாய் திறந்ததும் அவற்றில் ஒன்றுகூட இல்லை என்று ஆகிவிட்டது. அவருக்கு வானொலியைக் கூப்பிடத் தெரிந்திருந்தது, பேசும் மொழி இருந்தது, வேண்டாம் என்று சொல்வதால் இழக்கப்போவது ஒரு பூச்செண்டு மட்டுமே. அதனால் உண்மை வெளியே வந்தது. நமீபியாவிலோ ஹோண்டுராசிலோ கண்கட்டு அவிழ்க்கப்பட்டவர் என்ன நினைத்தார் என்பது எனக்குத் தெரியாது, அந்தக் காணொளியைப் பாராட்டியவர்களுக்கும் தெரியாது, திட்டியவர்களுக்கும் தெரியாது. அவர் மனம் நிறைந்து மகிழ்ந்திருக்கலாம். அப்படித்தான் இருந்திருக்கும் என்றே தோன்றுகிறது. ஆனால் அவர் முகத்தில் நாம் படித்தது அவர் சொன்னது அல்ல. மகிழ்ச்சி அடைந்தாரா, அவமானப்பட்டாரா என்று ஊரே கூடி விவாதித்தபோது ஒருவர்கூட அவரைக் கேட்கவில்லை. அந்த வகையில் இரு தரப்புமே அந்தக் கேமரா நின்ற இடத்திலேயே நின்றன.

கதவை அடைத்து உண்டவர்கள்

நம்மிடம் இதற்கு நேர் எதிரான ஒரு மரபு இருந்தது என்பதைச் சொல்லாமல் போக முடியவில்லை. வள்ளல்களின் புகழ் இரண்டாயிரம் ஆண்டுகள் தாண்டி நம்மிடம் வந்து சேர்ந்திருப்பதே விளம்பரத்தால்தான். முல்லைக்குத் தேர் கொடுத்ததையும் மயிலுக்குப் போர்வை கொடுத்ததையும் பாட ஆள் இருந்ததால் அறிந்தோம். ஆனால் அந்த விளம்பரத்தைச் செய்தவர்கள் யார்? பெற்றவர்கள். ஆற்றுப்படை என்பதே, பரிசு பெற்றுத் திரும்பும் ஒருவர் எதிரே வரும் இன்னோர் ஏழையிடம், நான் எப்படி இருந்தேன், இப்போது எப்படி இருக்கிறேன், நீயும் அங்கே போ என்று வழிசொல்லும் பாட்டு. சிறுபாணாற்றுப்படையில் பாணன் தன் வறுமையைச் சொல்லும் இடத்தைப் பள்ளியில் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கண் திறவாத குட்டிகள் பால் கேட்டு முட்ட, கொடுக்கப் பாலில்லாமல் நாய் குரைக்கும் அடுக்களை. கூரை இற்று விழும் வீடு. குப்பையில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்புக்கும் வழியில்லாமல் வேகவைத்து, அதை உண்பதைப் புறம் பேசுவோர் பார்த்துவிடக் கூடாதே என்று நாணி, வாசற்கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு சேர்ந்து உண்கிறார்கள்.

அந்த அடைத்த கதவுதான் என்னை நிறுத்துகிறது. அதைத் திறந்து உள்ளே நடந்ததை நமக்குக் காட்டுகிறவன் பாணனே. அந்தப் பாட்டில் பரிசு தரும் வள்ளலான நல்லியக்கோடன் தன் ஆட்களை அனுப்பி, முதலில் கதவைத் திறக்கச் சொல், உப்பில்லாத கீரையைப் பார்த்துக்கொள்கிறோம், அதன்பிறகு யானை தருகிறோம் என்று சொல்லவில்லை. பசி தீர்ந்த பிறகு, தன் சொற்களில், தன்னைப் போன்ற இன்னொருவனிடம் பாணன் சொல்கிறான். எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்பது அவன் கையில் இருந்தது. (கீரை கிள்ளிய அந்தப் பெண்ணிடம் யாராவது கேட்டார்களா என்பது தனிக் கேள்வி. அதை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.) மறைத்துக்கொள்ளும் உரிமையும் வெளிப்படுத்தும் உரிமையும் ஒரே ஆளிடம் இருந்தன. இன்றைய காணொளிகள் பறிப்பது அதைத்தான். வறுமை வெளியே தெரிவதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. யார் கதவைத் திறக்கிறார்கள் என்பதையே கேட்கிறேன்.

இவ்வளவு தெளிவாக எழுதிவிட்ட பிறகும், எங்கள் தெருவில் இருந்த தையற்கார அக்கா இந்த வாதத்துக்குள் அடங்க மறுக்கிறார். என் சிறு வயதில், ஏதோ ஒரு நலத்திட்ட உதவிகள் வழங்கும் விழாவில் அவருக்குத் தையல் இயந்திரம் கிடைத்தது. இத்தகைய விழாக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கொடுப்பவரும் வாங்குபவரும் பொருளின் இரு பக்கமும் கை வைத்துக்கொண்டு, புகைப்படக்காரர் தலையசைக்கும் வரை அசையாமல் நிற்க வேண்டும். மறுநாள் செய்தித்தாளின் உள்ளூர்ப் பக்கத்தில் படம் வந்தது. அக்கா அந்தப் பக்கத்தை வெட்டிச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டிவைத்தார். வருகிறவர்களிடம், "கலெக்டர் பக்கத்துல நிக்கிறேன் பாருங்க" என்று காட்டுவார். அவமானத்தின் சாயல்கூட அவரிடம் இருந்ததில்லை. பெறுபவர் என்றாலே கூனிக்குறுகி நிற்பவர் என்று நாமாக முடிவு கட்டுவதும், மெல்பர்ன் மூதாட்டியைத் தனிமையில் வாடுபவர் என்று முடிவு கட்டியதும் ஒரே வகைத் தவறுதான்.

ஆனால் பல ஆண்டுகள் கழித்து அவருடைய மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். அன்று காலை அந்தப் படம் சுவரில் இல்லை. மகள் கழற்றச் சொன்னாளா, அக்காவே கழற்றினாரா என்று எனக்குத் தெரியாது, கேட்கும் வயதும் உரிமையும் எனக்கு இருக்கவில்லை. ஆணி மட்டும் இருந்தது, அதில் ஒரு நாட்காட்டி தொங்கியது. கலியாணம் நல்லபடியாக முடிந்தது. கொஞ்ச நாளில் கலெக்டர் திரும்பவும் சுவரேறினார். அக்கா தன் படத்தை யாருக்கு எப்போது காட்டுவது என்பதைத் தானே பார்த்துக்கொண்டார். சம்பந்தி வீட்டார் இன்று வந்திருந்தால் பெண்ணின் தாயார் பெயரைக் கைப்பேசியில் தட்டிப் பார்த்திருப்பார்கள். அதில் வரும் காணொளியை எந்த ஆணியிலிருந்து கழற்றுவது?

முகம் இல்லாமல் பணம் வருமா

தொண்டு நிறுவனங்களுக்கு நிதி திரட்டும் வேலையில் பல காலம் இருந்த நண்பர் ஒருவரிடம் இதை எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிங்க, முகத்தைக் காட்டாம ஒரு ரூபா வாங்கிக் காட்டுங்க பாப்போம்" என்றார். ஒன்பது கோடிப் பேருக்குக் கண்புரை என்று எழுதினால் யாரும் பையிலிருந்து பணம் எடுப்பதில்லை, ஒரு கிழவியின் கண்ணைக் காட்டினால் எடுக்கிறார்கள், இது கொடுப்பவர்களின் குணம், நிறுவனங்களின் குற்றம் அல்ல என்பது அவர் அனுபவம். மிஸ்டர் பீஸ்ட்டின் கணக்கும் அதுவே. காணொளி விளம்பர வருமானம் ஈட்டுகிறது, அந்த வருமானம் அடுத்த காணொளிக்குப் போகிறது. அறச்செயல்களுக்கென்று அவர் தனியாக ஒரு சேனலே வைத்திருக்கிறார். கண்ணீர் அந்த இயந்திரத்தின் எரிபொருள், அது நின்றால் அறுவையும் நிற்கும்.

2023 நவம்பரில் அவர் ஆப்பிரிக்காவில் நூறு கிணறுகள் தோண்டிய காணொளி வந்தபோது இந்த வாதத்தின் இன்னொரு பக்கம் தெரிந்தது. கிணறுகளில் பெரும்பாலானவை கென்யாவில். அங்குள்ளவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆப்பிரிக்கா என்றாலே கையேந்தும் கண்டம் என்ற பழைய படத்துக்கு மறுபடி வண்ணம் பூசுகிறார் என்று சிலர் கோபப்பட்டார்கள். அதைவிடப் பலமாக, வரி வாங்கும் எங்கள் அரசியல்வாதிகள் செய்யாததை ஒரு யூடியூபர் வந்து செய்ய வேண்டியிருக்கிறதே என்று தம் தலைவர்களைக் கேலி செய்து தீர்த்தார்கள். அங்கே படம் எடுக்கப்பட்ட தரப்புக்குக் குரல் இருந்தது. அதனால் அந்தக் காணொளி, எடுத்தவர் நினைத்திராத ஒரு பயனையும் தந்தது. கிணற்றின் கைப்பம்பு பழுதானால் யார் சரிசெய்வது என்ற கேள்வியும் அந்தக் குரல்களில் இருந்தது. அழகான காணொளிகள் அந்தக் கேள்வியை நெருங்குவதில்லை.

நண்பருக்குப் பதிலாக அரவிந்தைக் காட்டலாம் என்று எனக்கு ஆசை. முகத்தை விற்காமலும் பணம் புரளும் என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று இல்லை. கட்டணம் செலுத்தக்கூடியவர்களிடம் பெற்றதில், செலுத்த முடியாதவர்களுக்கும் அதே மருத்துவர்களைக் கொண்டு அறுவை செய்கிறார்கள். வெளிநாட்டு லென்சின் விலை நூறு டாலரை ஒட்டி இருந்த காலத்தில், 1992இல் ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி அதைப் பத்து டாலர் அளவுக்கு இறக்கினார்கள். இலவசம் என்று சொல்லியும் கிராமத்தவர்கள் வராமல் போனபோது காரணத்தைத் தேடி, பேருந்துச் செலவும் சாப்பாடும் இழக்கும் கூலியும் துணைக்கு வர ஆளில்லாததும்தான் தடை என்று கண்டுகொண்டு, முகாமிலிருந்தே வண்டியில் ஏற்றிப்போய், உணவு கொடுத்து, அறுவை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்கள். முகாமுக்கு ஆதரவு தரும் அரிமா சங்கமோ ஜவுளிக்கடையோ பள்ளி வாசலில் பேனர் கட்டி அதில் தன் பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொள்கிறது. போட்டுக்கொள்ளட்டும், அது டியூப் லைட் உபயத்தைப் போன்றதுதான். உள்ளே வரிசையில் உட்கார்ந்திருக்கும் முதியவரின் கதையை யாரும் கேட்பதில்லை. கேட்காமலேயே அவர் கண் சரியாகிறது. அவர் பெயர் ஒரு பதிவேட்டில் இருக்கும், அவ்வளவுதான். ஒரு பெரிய பரிசைப் பெற்றவர் போல அவர் நடந்துகொள்ள வேண்டியதில்லை. மனமிருந்தால் மருத்துவமனைச் சாப்பாட்டைக் குறைகூடச் சொல்லலாம். குறை சொல்லும் சுதந்திரத்தோடு பெறும் உதவியை நான் உயர்வாக நினைக்கிறேன். காணொளியில் வருபவருக்கு அது கிடையாது. கண்கட்டை அவிழ்த்ததும் வெளிச்சம் கூசுகிறது என்று முகத்தைச் சுளித்தால் அந்தக் காட்சியை வெட்டிவிடுவார்கள்.

ஆனால் இதை நண்பரிடம் சொல்லி முடிக்கும் முன்பே அதற்கான பதில் எனக்குத் தெரிந்திருந்தது. அரவிந்தின் ஏற்பாடு உருவாக முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆயின. அதற்கு ஒரு வெங்கடசாமி வேண்டும், அவர் குடும்பத்தில் இருந்ததைப் போலப் பல கண் மருத்துவர்கள் வேண்டும், கட்டணம் செலுத்தும் நடுத்தர வர்க்கமும் அருகிலேயே இருக்க வேண்டும். ஹோண்டுராசில் புரை விழுந்து இருட்டில் உட்கார்ந்திருப்பவரிடம், ஐயா, சரியான முறையில் அமைந்த மருத்துவமனை உங்கள் ஊருக்கு வரும்வரை காத்திருங்கள், அதுவரை கேமராவோடு வருபவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று நான் சொல்ல முடியுமா? சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது, நான் ஏற்கெனவே குறைகண்ட அதே வேலை. அவருக்காக நான் முடிவெடுப்பதாகும்.

ஆகவே என் கோரிக்கை மிகச் சிறியதாகச் சுருங்கிவிட்டது. அறுவையையும் ஒப்புதலையும் பிரித்துவிடுங்கள். முதலில் இரண்டு கண்ணுக்கும் சிகிச்சையை முடியுங்கள், சொட்டு மருந்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். சில வாரங்கள் போகட்டும். பணம் கொடுத்தவர் போகாமல், அந்த ஊர்க்காரர் ஒருவர் அவர் மொழியில் பேசத் தெரிந்தவராகப் போய், உங்களைப் பற்றி ஒரு படம் எடுக்க நினைக்கிறார்கள், நீங்கள் வேண்டாம் என்றால் ஒன்றும் கெட்டுப்போகாது என்று சொல்லிக் கேட்கட்டும். பிற்காலத்தில் எடுத்துவிடச் சொன்னால் காரணம் கேட்காமல் எடுத்துவிட வேண்டும். கண்கட்டு அவிழும் கணம் கிடைக்காமல் போகும் என்பது உண்மை. நண்பர் சிரித்தார். அந்தக் கணம் இல்லாவிட்டால் அந்தக் காணொளியை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். பத்துக் கோடிப் பேர் பார்க்க மாட்டார்கள், பத்து இலட்சம் பேர் பார்க்கலாம் என்றேன். அப்போது ஆயிரம் பேருக்குப் பதிலாகப் பத்துப் பேருக்குத்தான் கண் கிடைக்கும் என்றார். அந்தக் கணக்கில் தவறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அவர் போன பிறகு அந்தக் கேள்வியை என்னிடமே கேட்டுப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் புரை முற்றி, காப்பீடும் காசும் இல்லாமல் நான் உட்கார்ந்திருக்கும்போது, கையில் ஒரு தாளோடும் தோளில் ஒரு கேமராவோடும் ஆட்கள் வந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? கையெழுத்துப் போட்டிருப்பேன். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க எனக்குக் கண் தெரியாது, யாராவது படித்துச் சொல்லியிருந்தாலும் பாதியில் நிறுத்தச் சொல்லி, எங்கே போட வேண்டும் என்று மட்டும் கேட்டிருப்பேன். அந்தக் காணொளியில் வந்த எல்லாரும் சம்மதித்துத்தான் வந்தார்கள் என்று அடுத்தமுறை யாராவது சொன்னால், அதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. என் கையெழுத்தும் அங்கே இருந்திருக்கும்.